வாங்கிய கேம் காணாமல் போகுமா?

குட்டீஸ், ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாமா?

ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி தோல் ஷூவை அப்பா கடையில் வாங்கித் தருகிறார். அடுத்த வருஷம் அந்தக் கடையை மூடிவிடுகிறார்கள். உங்கள் ஷூ என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! அது உங்கள் காலிலேயே இருக்கும். சோல் தேய்ந்தால் மாற்றலாம். கால் வளர்ந்துவிட்டால் தம்பிக்குக் கொடுக்கலாம்.

இப்போது இன்னொரு கேள்வி. அதே விலைக்கு இன்டர்நெட்டில் ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்குகிறீர்கள். டப்பா இல்லை, சி.டி. இல்லை. பணம் கட்டியதும் டவுன்லோடு ஆகிறது. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி கதவை மூடினால் உங்கள் கேம் என்ன ஆகும்?

பதில்: சில கேம்கள் இருக்கும். சில கேம்கள் போயே போய்விடும்! எது இருக்கும், எது போகும், போகாமல் காப்பாற்ற என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

வாங்கினோமா? அனுமதி பெற்றோமா?

முன்பெல்லாம் கேம் என்றால் சி.டி., டி.வி.டி.தான். டிஸ்க் உங்கள் அலமாரியில் இருக்கும். 2003 செப்டம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்ற சேவையைத் தொடங்கியது. கேம்களை இன்டர்நெட் வழியாகவே விற்கும் முறை அதன் பிறகு வேகமாகப் பரவியது. இன்று கம்ப்யூட்டர் கேம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் டிஸ்க்கைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

இந்த மாதிரி கடைகளில் 'வாங்கு' என்ற பட்டனை அமுக்குகிறோம் இல்லையா? உண்மையில் நமக்குக் கிடைப்பது கேம் அல்ல. அதை விளையாடுவதற்கான அனுமதி மட்டும்தான். இதற்கு 'லைசென்ஸ்' என்று பெயர். லைப்ரரியில் புத்தகம் எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். படிக்கலாம், ஆனால், அடுத்தவருக்கு விற்க முடியாது. ஸ்டீம் கணக்கைக்கூட இன்னொருவர் பேருக்கு மாற்றித் தர அதன் விதிகள் இடம் தருவதில்லை. ஷூவைத் தம்பிக்குக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட முடியாது!

'வாங்கு' என்று எழுதிவிட்டு அனுமதியை மட்டும் தருவது நியாயமா என்று பெரியவர்களும் கேட்டார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024-ல் ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே டிஜிட்டல் பொருள் விற்பவர்கள், 'நீங்கள் பெறுவது லைசென்ஸ் மட்டுமே' என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூடிய கதவுகள்!

இதெல்லாம் நிஜமாகவே நடக்குமா என்கிறீர்களா? நடந்திருக்கிறது. நான்கு உதாரணங்களைப் பாருங்கள்.

* 'தி க்ரூ' என்பது 2014-ல் வந்த கார் பந்தய கேம். யுபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைப்பு வேண்டும். 2024-ல் சர்வரை நிறுத்தினார்கள். அவ்வளவுதான்! டிஸ்க் வைத்திருந்தவர்களும் விளையாட முடியவில்லை.

* நம் நாட்டில் நடந்தது இது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ல் இங்கே சர்வர் நின்றது. காசு கொடுத்து வாங்கிய உடைகளும் ஆயுத அலங்காரங்களும் திறக்க முடியாத பெட்டிக்குள் மாட்டிக்கொண்டன. 2021 ஜூலையில் 'பி.ஜி.எம்.ஐ.' என்ற பெயரில் இந்தியாவுக்கான கேம் வந்தது. பழைய கணக்கில் இருந்ததைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள். ஆனால், அதற்கும் கெடு வைத்தார்கள். கெடுவைக் கவனிக்காதவர்களுக்கு நஷ்டம்தான்.

* நின்டெண்டோ நிறுவனம் தன் '3டி.எஸ்.', 'வீ யூ' கருவிகளுக்கான இன்டர்நெட் கடையை 2023 மார்ச் 27-ல் மூடியது. ஏற்கனவே வாங்கியவர்கள் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ள விட்டார்கள். புதிதாக யாரும் வாங்க முடியாது.

* நான்காவது, நம் வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் உள்ளது. 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 உள்ள கம்ப்யூட்டர்களுக்கு ஸ்டீம் தன் ஆதரவை நிறுத்திவிட்டது. கேம் அப்படியே இருக்கிறது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது. நடுவில் இருக்கும் கடை மட்டும் 'உன் கம்ப்யூட்டர் பழசு' என்று சொல்லிவிட்டது! வீட்டில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு கேளுங்கள். அமெரிக்காவில் உள்ள 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான பழைய கேம்களில் நூற்றுக்கு 87 இப்போது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லையாம்!

பச்சைத் தோல், உப்புத் தோல், பதனிட்ட தோல்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் இருக்கும் குட்டீஸுக்கு இந்தப் பகுதி சுலபமாகப் புரியும். உங்கள் ஊரில் காலங்காலமாகச் செய்கிற வேலையே 'கெடாமல் பாதுகாப்பது'தானே!

உரித்த பச்சைத் தோலை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? வேலூர் வெயிலில் சீக்கிரமே அழுக ஆரம்பித்துவிடும். அதனால் உடனே உப்புத் தடவுவார்கள். உப்பு, தோலில் உள்ள ஈரத்தை இழுத்துவிடும், கிருமிகள் வளராது. இப்படிக் கொஞ்ச காலம் தாங்கும். ஆனால், அது நிரந்தரம் இல்லை. நிரந்தரமாகக் காக்க வேண்டும் என்றால் பதனிட வேண்டும். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு ஊற வைத்தார்கள். பிற்பாடு குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்தது. பதனிட்ட தோல் பல வருஷம் உழைக்கும்.

கேம்களையும் இதே மாதிரி மூன்றாகப் பிரிக்கலாம்.

பச்சைத் தோல் கேம்: எப்போதும் சர்வர் வேண்டும். பி.ஜி.எம்.ஐ., தி க்ரூ போன்றவை. இவற்றை நீங்கள் எத்தனை காப்பி எடுத்து வைத்தாலும் பலன் இல்லை. கேமின் பாதி உயிர் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. இந்த வகையில் காசு போடும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

உப்புத் தோல் கேம்: டவுன்லோடு செய்த பிறகு நெட் இல்லாமலும் தனியாக விளையாடலாம். ஆனால், திறந்து விடுவதற்குக் கடையின் மென்பொருள் வேண்டும். ஸ்டீமில் உள்ள பல கேம்கள் இப்படித்தான். கொஞ்ச காலம் தாங்கும். கணக்குப் போனால் கேமும் போகும்.

பதனிட்ட தோல் கேம்: பூட்டே இல்லாத கேம். இன்ஸ்டாலர் கோப்பை டவுன்லோடு செய்து உங்கள் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். நெட் வேண்டாம், கடை வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். போலந்து நாட்டைச் சேர்ந்த, 2008-ல் தொடங்கிய 'ஜி.ஓ.ஜி.' என்ற கடை இப்படி விற்பதற்குப் பேர் போனது. பழைய கேம்களைப் புதிய கம்ப்யூட்டரில் ஓடும்படி சரிசெய்து விற்பதும் அவர்கள் வழக்கம்.

இனி கேம் வாங்கும் முன் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து கேளுங்கள்: "இது பச்சையா, உப்பா, பதனிட்டதா?"

பேக்கப் எடுப்பது எப்படி?

பூட்டில்லாத கேம் என்றால்:

1. கடையின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, வாங்கிய கேமைத் திறங்கள்.
2. நெட் இல்லாமல் நிறுவுவதற்கான 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' பட்டியல் இருக்கும். பெரிய கேம் என்றால் ஒரு 'எக்ஸ்இ' கோப்பும், கூடவே பல 'பின்' கோப்புகளும் இருக்கும். எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் நிறுவும்போது பாதியில் நின்றுவிடும்.
3. கேம் பெயரும் டவுன்லோடு செய்த தேதியும் போட்டு ஒரு ஃபோல்டரில் எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். கேம் அப்டேட் ஆனால் புதிய இன்ஸ்டாலரும் வரும். எது புதுசு என்று தேதி சொல்லிவிடும்.
4. முக்கியமானது இது! நெட்டை அணைத்துவிட்டு, அந்தக் காப்பியிலிருந்து கேமை ஒரு தடவை நிறுவிப் பாருங்கள். ஓடுகிறதா? ஓடினால்தான் அது பேக்கப். ஓடிப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

ஸ்டீம் கேம் என்றால்: லைப்ரரியில் கேம் பெயர் மேல் மவுஸின் வலது பட்டனை அமுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்' பகுதியில் பேக்கப் எடுக்கலாம். இதனால் மறுபடி பெரிய டவுன்லோடு செய்யும் வேலை மிச்சம். ஆனால், அதைத் திரும்ப நிறுவ ஸ்டீம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

டவுன்லோடு மிச்சமானால் என்ன பெரிய லாபம் என்கிறீர்களா? ஒரு கணக்குப் போடுவோம். கேம் அளவு 50 ஜி.பி. உங்கள் நெட் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட். ஒரு பைட் என்பது 8 பிட். எனவே 50 ஜி.பி. என்பது 400 கிகாபிட். அதாவது 4 லட்சம் மெகாபிட். அதை 20-ஆல் வகுத்தால் 20,000 விநாடி. கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரம்! நடுவில் கரன்ட் போகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு.

பென் டிரைவில் வைக்கும்போது ஒரு சிக்கல் வரலாம். 'கோப்பு ரொம்பப் பெரிது' என்று கம்ப்யூட்டர் சொல்லும். பார்த்தால் இடம் நிறைய இருக்கும்! காரணம், பல பென் டிரைவ்கள் 'ஃபேட் 32' என்ற முறையில் இருக்கும். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால், மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். முதலில் அக்காவின் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் பூகம்பம்தான்!

கேம் வேறு, 'சேவ்' வேறு!

பலரும் ஏமாறும் இடம் இதுதான். கேமைத் திரும்ப டவுன்லோடு செய்துவிடலாம். ஆனால், நீங்கள் மூன்று மாதம் லீவில் உட்கார்ந்து கட்டிய நகரம்? தாண்டிய 40 லெவல்? அது கேமுக்குள் இல்லை. 'சேவ் ஃபைல்' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. கேமின் விலையைக் கொடுத்து இதை வாங்க முடியாது.

விண்டோஸில் இது பெரும்பாலும் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்குள் 'மை கேம்ஸ்' என்ற இடத்திலோ, 'சேவ்டு கேம்ஸ்' ஃபோல்டரிலோ, மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரிலோ இருக்கும். பெரும்பாலும் சின்னக் கோப்புதான். வாரம் ஒரு தடவை காப்பி எடுத்துவிடுங்கள்.

சில கடைகள் சேவ் ஃபைலைத் தாங்களே 'க்ளவுட்' சர்வரில் வைக்கின்றன. வசதிதான். ஆனால், இரண்டு கம்ப்யூட்டரில் விளையாடினால் 'எதை வைத்துக்கொள்ள, இதுவா அதுவா?' என்று கேட்கும். அவசரத்தில் தப்பானதை அமுக்கினால் பழையது புதியதை அழித்துவிடும். தேதியைப் படித்துவிட்டு அமுக்குங்கள்.

3-2-1 மந்திரம்

கம்ப்யூட்டர் உலகில் ஒரு சுலபமான விதி உண்டு. மூன்று காப்பி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு இடத்தில்!

மூன்று காப்பி: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே இரண்டு.

இரண்டு வகை: ஹார்டு டிஸ்க்கும் பென் டிரைவும் வேறு வேறு விதமாகக் கெடும். ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தால் போச்சு. பென் டிரைவ் விழுந்தால் தாங்கும். ஆனால், அது மின்னூட்டமாகத் தகவலை வைத்திருப்பதால், வருஷக்கணக்கில் செருகாமலே போட்டுவைத்தால் மெல்ல மறந்துபோகும். சூட்டில் இன்னும் சீக்கிரம். மே மாதத்தில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஓட்டுக் கூரைக்கு அடியில், மேல் பரணில் டிஸ்க்கை வைக்காதீர்கள்.

ஒன்று வேறு இடத்தில்: ஏன்? 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது ஞாபகம் இருக்கிறதா? 1903 நவம்பரில் அதே பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியையே புரட்டிப் போட்டது. அதன் நினைவுத் தூண் அந்த ஊரில் இருக்கிறது. மூன்று காப்பியும் ஒரே மேஜை டிராயரில் இருந்தால், தண்ணீர் வந்தால் மூன்றும் போகும். ஒன்றைத் தாத்தா வீட்டிலோ, சித்தி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

கேமுக்கு மட்டுமா இந்த மந்திரம்? கல்யாண போட்டோ, பாட்டி பேசிய வீடியோ, அம்மாவின் கடைக் கணக்கு எல்லாவற்றுக்கும்தான்!

சாவி யாரிடம்?

பேக்கப் எடுத்தாலும் கணக்குத்தான் சாவி. அந்தக் கணக்கு யாருடைய இமெயிலில் இருக்கிறது? பக்கத்து வீட்டு அண்ணன் 'நான் போட்டுத் தரேன்' என்று தன் இமெயிலில் தொடங்கியிருந்தால், கேம் சட்டப்படி அந்த அண்ணனுடையது! அப்பாவின் பழைய போன் நம்பரில் இருந்தால் ஓ.டி.பி. எங்கே போகும்? ஸ்டீம் போன்ற கடைகளில் 13 வயதுக்குக் கீழே கணக்கே தொடங்கக் கூடாது. எனவே அம்மா அல்லது அப்பாவின் இமெயில், இப்போது உபயோகத்தில் உள்ள நம்பர், யாருக்கும் சொல்லாத பாஸ்வேர்டு. இந்த மூன்றும் அவசியம். ரசீது இமெயிலையும் அழிக்காதீர்கள்.

காப்பி எடுத்தால் தப்பில்லையா?

நல்ல கேள்வி! நம் நாட்டின் 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டம், 52-ம் பிரிவில், முறையாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை வைத்திருப்பவர், அது தொலையாமல், கெடாமல் பாதுகாக்கத் தனக்காகப் பேக்கப் காப்பி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால், அந்தக் காப்பியைப் பென் டிரைவில் போட்டு வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டால் அது திருட்டு. தெரியாத தளத்தில் 'ஃப்ரீ' என்று கிடைக்கும் கேமை இறக்கினால் கூடவே வைரஸும் ஃப்ரீயாக வரலாம்!

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

'வெறும் கேம்தானே' என்று தோன்றுகிறதா? 'வெண்பா' என்ற கேமைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

கனடாவின் டொரன்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' உருவாக்கி, 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட கேம் இது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் வெண்பா என்ற அம்மாவிடம் அவருடைய அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. ஆனால், அது சிதைந்து, எழுத்துகள் அழிந்துவிட்டன. இட்லி எப்படி அவிப்பது, பிரியாணியில் எதன் மேல் எதை அடுக்குவது என்று விட்டுப்போன வரிகளை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். (பிரியாணி கட்டத்தில் ஆம்பூர் குட்டீஸ் ஜெயிக்காவிட்டால் வேறு யார் ஜெயிப்பது?) 2024-ல் இந்த கேம், புதியவர்களின் முதல் கேமுக்கான 'பாஃப்டா' விருதை வென்றது.

அந்த நோட்டுக்கு ஒரு காப்பி இருந்திருந்தால்? பாட்டியின் கைப்பக்குவம் முழுசாகப் பேரனுக்குக் கிடைத்திருக்கும். இப்போது, தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய இந்த கேமே ஒரு டவுன்லோடுதான். அதையும் யாராவது பத்திரமாக வைத்திருந்தால்தான், நாளைக்கு உங்கள் தம்பி தங்கைகளின் பிள்ளைகள் விளையாடிப் பார்க்க முடியும்.

கம்பெனிகள் சர்வரை நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாட வழி செய்ய வேண்டும் என்று கேட்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் 2024-ல் தொடங்கியது. ஐரோப்பாவில் அதன் கோரிக்கை மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை!

* வீட்டில் வாங்கிய கேம்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் கடை, யார் இமெயில், எந்தத் தேதி?
* ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை, உப்பு, பதனிட்டது என்று குறியுங்கள்.
* உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரே ஒரு கேமின் சேவ் ஃபைலைத் தேடிப் பிடித்துக் காப்பி எடுங்கள்.
* கூடவே, பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு வீட்டில் இருந்தால், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள்!

என்ன குட்டீஸ், பென் டிரைவ் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டீர்களா?